ஸ்டோருக்கு வந்த காகிதக் கதவுகள்

ஜப்பான் சாமான் ஏற்றி வந்த கண்டெய்னர் லொறி எங்கள் தோட்டத்துச் சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற்றமும் வளைவும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியே இரண்டு தடவை பின்னால் எடுத்துத்தான் அங்கே திரும்பும். இவ்வளவு நீள லொறி அதில் நுழையாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார்.

அன்றைக்கு நான் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய தேயிலை ஸ்டோரை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்த அந்த ஹோட்டல் இன்னும் திறக்கவே இல்லை. வரவேற்பு மேசைக்கு என்னை எடுத்திருந்தார்கள், ஆனால் மேசை அந்த லொறிக்குள்தான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சந்தியில் நின்றபோது, மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது என் அம்மா.

"என்னடி, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மா லொறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தார். "கூடையைக் கீழ வைங்கடி. ஸ்டோரு வரைக்கும்தானே, தூக்கிட்டுப் போயிரலாம்."

பெட்டிகள் இறங்கத் தொடங்கின. ஆள் உயரத்துக்கு நீளமான தட்டைப் பெட்டிகள், சதுரப் பெட்டிகள், பாயில் சுற்றிய கட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஜப்பானிய எழுத்து. ஒரு பெட்டியின் பக்கத்தில் இருந்த எழுத்துகளை நான் என்னை அறியாமல் வாய்விட்டு வாசித்தேன். "காகிதம். நனையக் கூடாது. இந்தப் பக்கம் மேலே."

பெட்டியைத் தூக்கப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். "ஏய், இவ வாசிக்கிறாடி!" என்று ஒருத்தி கத்தினாள். "இதுல என்ன எழுதியிருக்கு? இதுல?" என்று ஆளாளுக்குப் பெட்டியை என் பக்கம் திருப்பினார்கள். நான் ஓடி ஓடி வாசித்தேன். தெரியாத எழுத்தும் இருந்தது, அதையெல்லாம் "கவனம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவரை பாடப் புத்தகத்திலும் பரீட்சைத் தாளிலும் மட்டுமே நான் பார்த்திருந்த எழுத்து அது. இப்போது அது எங்கள் ரோட்டில், மழைச் சேறு ஒட்டிய பெட்டிகளில், எனக்கு அர்த்தமாகிற மாதிரி எழுதியிருந்தது.

அந்தப் பாஷையை நான் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு பதுளை டவுனில் ஒரு மாடியில் நடந்த ஜப்பான் வகுப்புக்குப் போனேன். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பாதி வகுப்பும் அதே கனவோடுதான் வந்தது. தெமோதரையில் பஸ் ஏறுவேன், பஸ்ஸில் நின்றபடியே எழுத்துகளை உள்ளங்கையில் விரலால் எழுதிப் பழகுவேன். பரீட்சையில் தேறினேன். நேர்முகமும் முடிந்தது. பிறகு நாடே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது, என் பயணம் அந்தக் குழப்பத்தில் கரைந்து போனது. டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றேன். "படிச்ச பாஷை எங்கயும் போயிராது" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். தெமோதரையில் யாரோடு ஜப்பானியம் பேசுவது?

பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் தோட்டத்து ஸ்டோரை, தேயிலை அரைத்த அந்தப் பெரிய கட்டடத்தை, ஹோட்டலாக மாற்றுகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது அப்போதுதான். ஜப்பான் மாதிரி ஹோட்டல் என்றதும் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

முதலாளி ஒரு பெண். மேடம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்ததால் மேடம் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு ஜப்பானில் ஒரு மலையூரில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். என்னிடம் ஜப்பானியத்தில் இரண்டு கேள்வி கேட்டார். நான் ஒன்றுக்குச் சரியாகவும் மற்றதுக்கு வேறு எதற்கோவும் பதில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டார்.

"காணும், இது போதும். நாளைக்கே வாரும் பிள்ளை."

ஹோட்டலின் திட்டம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. அறைகள் சின்னவை, படுக்க ஒரு மெத்தை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மற்ற எல்லாமே பொது. முன்பு பச்சைக் கொழுந்தை வாட்டிய மேல்மாடி முழுக்க ஒரே கூடம். அதில் புத்தக அலுமாரி, தேநீர் மேசை, விருந்தாளிகள் தாங்களே சமைக்க ஒரு அடுப்படி. கீழே, மெஷின் நின்ற இடத்தில், பெண்களுக்கு ஒன்றும் ஆண்களுக்கு ஒன்றுமாக இரண்டு பொதுக் குளியல் அறைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய மரத்தொட்டி. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் மேடம் வாழ்ந்த அந்த ஒரே ஊரின் கைவேலை. ஆணி இல்லாமல் சின்னச் சின்ன மரச்சீவல்களைக் கோத்த பின்னல் தட்டிகள், மரப்பட்டையிலிருந்து செய்த காகிதம், நீலச் சாயத் துணி, மூங்கில் விளக்குக் கூடு.

"நாலு ஊர்ச் சாமானை வாங்கி அடுக்கினால் அது கடை மாதிரி இருக்கும்" என்றார் மேடம். "ஒரு ஊரின்ட கை மட்டும் தெரியவேணும்."

அறைகளுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா பண்டாரவளையில் பெரிய ஹோட்டலில் வேலை செய்தவர். அவருக்கு இந்தத் திட்டம் பிடிபடவே இல்லை. "ரூம்ல குளிக்க எடம் இல்லையா மேடம்? அப்ப எல்லாரும் ஒண்ணா வந்து குளிக்கணுமா? லயத்துப் பீலி மாதிரியா?"

பீலி என்றால் மலையிலிருந்து குழாயாக விழும் தண்ணீர். லயத்தில் எல்லாருக்கும் அதுதான் குளியலறை.

"ஓம், பீலிதான்" என்றார் மேடம். "சுடுதண்ணிப் பீலி எண்டு நினையுங்கோ." சொல்லிவிட்டாரே தவிர, அவர் முகத்திலும் சந்தேகம் இருந்தது. நம்முடைய ஆட்கள் பொதுத் தொட்டிக்குள் இறங்குவார்களா என்று கடைசி வரை அவருக்குப் பயம்.

லொறி வந்த மறுவாரம் தச்சர் வந்து சேர்ந்தார். மேடத்தின் மலையூர்க்காரர். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, தலையில் எப்போதும் துவாய் கட்டிய மனிதர். வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே உள்ளே போய் ஸ்டோரின் மரத்தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், ஒன்றை மோந்தும் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைக் கண்டு திடுக்கிட்டு, இடுப்பு வரை குனிந்தார். நான் முன்னால் போய் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பைச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. ஏதோ படபடவென்று பேசினார். எனக்கு விளங்கியது மூன்றே சொல்: தூண், தேயிலை, வாசனை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தூண்களில் தேயிலை மணக்கிறதாம்! நான் அதைத் தமிழில் சொன்னேன், பசறையிலிருந்து வந்திருந்த இரண்டு தச்சர்களும் உடனே போய்த் தூணை மோந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் மேசைக்காரி இல்லை, மொழிபெயர்ப்பாளர். வரவேற்பு மேசையைப் பெட்டியிலிருந்து எடுத்தும்கூட அதற்குப் பின்னால் உட்கார நேரமில்லை. காலையிலிருந்து சாயந்தரம் வரை தச்சருக்கும் பசறைக்காரர்களுக்கும் நடுவில் நின்றேன். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. தட்டிப் பின்னல் கோக்கக் கற்றுக்கொண்டேன். விரல் அளவு மரச்சீவல்கள், ஓரங்களில் நூல் மாதிரி வெட்டு. சரியான கோணத்தில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஒன்று, இன்னொன்று, மூன்றாவது. திடீரென்று கைக்குள் ஒரு ஆறு மூலைப் பூ நிற்கும். அது பூ இல்லையாம், சணல் இலையாம். அந்த ஊரில் கைக்குழந்தைகளின் சட்டையில் இந்தக் கோலத்தைப் போடுவார்களாம், சணல் மாதிரி நேராக, வேகமாக வளரட்டும் என்று. வீட்டுக்குப் போனால்கூடக் காதில் அந்த 'டிக்' கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் வேலைக்கு ஓடினேன், நிஜமாகவே ஓடினேன்.

ஒருநாள் எல்லாரையும் கலங்கடித்தேன். மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்து உள்ளே வெளிச்சம் குறைந்துவிட்டது. தச்சர் உளியைத் துடைத்து வைத்து, முதுகை நிமிர்த்தி, "யமெமாஷோ" என்றார். அந்தச் சொல்லை வகுப்பில் எங்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: 'கம்பனியை விட்டு விலகினேன்.' என் தலைக்குள் இடி விழுந்தது.

"அவர் வேலைய விடுறாராம்!" என்றேன்.

பசறைத் தச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா தலையில் கை வைத்தார். "காலைல சம்பல் ஒறைப்புனு சொன்னாரே, அதுக்கா?" நான் பதுளையில் இருந்த மேடத்துக்குப் போன் எடுத்தேன்.

மேடம் எப்படித்தான் வந்தாரோ தெரியாது, மழையில் வான் கதவைத் திறந்த வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கையில் ஒரு கேக் பெட்டி வேறு. "என்ன நடந்தது? நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமே?" என்று கேட்டபடி உள்ளே ஓடினார். தச்சர் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடத்தையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்து, இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

இன்றைக்கு இவ்வளவு போதும், நிறுத்துவோம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். விஷயம் விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மூக்கில் ஏறியது. மேடம் கேக்கை வெட்டச் சொன்னார். "அகராதியில ஒரு சொல்லுக்கு ரெண்டாவது அர்த்தமும் பாரும் பிள்ளை" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து பசறைக்காரர்கள் வேலை முடியும் நேரமானால் என்னைப் பார்த்து, "தங்கச்சி, வேலைய விட்டுருவமா?" என்று கேட்பார்கள்.

காகிதம் ஒட்டும் வேலை கடைசி. மேல்மாடிக் கூடத்தின் இரண்டு பக்கமும் மரச்சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய இழுவைக் கதவுகள் வரும். ஷோஜி என்று பெயர். தண்ணீர் தெளித்த காகிதம் காயக் காய இழுபட்டு, மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். கடைசிக் கதவை முடித்து எல்லாவற்றையும் இழுத்து மூடிய அந்தச் சாயந்தரம், வெளியே மூடுபனி இருந்தது, உள்ளே கூடம் முழுக்கப் பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

மறுநாள் மழை பிடித்தது. விடவே இல்லை. மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதைந்த பிறகு எங்கள் பக்கத்தில் மழையை யாரும் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை; கூரையில் சத்தம் மாறினால்கூட வெளியே வந்து மண்ணைப் பார்ப்போம். இரண்டாம் நாள் மத்தியானம் மேல் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு ஓடியிருப்பதைக் கண்டார்கள். உடனே வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. எங்கள் வீடும் அந்த லயத்தில்தான். இப்படி நேரத்தில் வழக்கமாகப் போய்த் தங்கும் பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை, பாதையில் மண் இறங்கிக் கிடந்தது.

நான் மேடத்துக்குப் போன் எடுத்தேன். இந்த முறை சொல்லைச் சரியாகத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. "மேடம், எங்க லயத்து ஆளுங்க…" என்று தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"கூடத்தைத் திறந்து விடும். எல்லாரும் உள்ளுக்கு வரட்டும். நான் வாறன்."

குடையும் சாக்கும் தலையில் போட்டுக்கொண்டு சனம் வந்தது. துணி மூட்டை, அரிசிப் பானை, சாமிப்படம், ஒரு டீவி, கோழிகள். வாசலில் வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். உள்ளே பளபளவென்று புதுப் பலகை, இவர்கள் காலில் முழங்கால் வரை சேறு. யாரும் முதல் அடி வைக்கவில்லை.

தச்சர் உள்ளேயிருந்து இரண்டு வாளி தண்ணீரோடு வந்தார். வாசலில் விருந்தாளிகளின் செருப்புக்காக அவர் செய்திருந்த நீளத் தட்டைக் காட்டி, "தோஸோ, தோஸோ" என்றார். வாங்க, தயங்காதீங்க என்று அர்த்தம். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. முதலில் ஒரு கிழவரின் கிழிந்த ரப்பர் செருப்பு தட்டில் ஏறியது. தச்சர் அதை எடுத்து, முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் கால் கழுவி, செருப்பை அதே மாதிரி திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் ஹோட்டலின் முதல் விருந்தாளிகள் இப்படித்தான் வந்தார்கள்.

அம்மா நடுங்கிக்கொண்டு வந்தார். கொழுந்து மலையிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடிப் பொருள்களை எடுத்து வந்த கோலம். பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான் தொப்பலாக நனைந்து நின்றார்கள். மேடம் வந்து அவர்களைப் பார்த்ததும், "கொதிகலனைப் பத்த வையுங்கோ" என்றார். அந்த நிமிஷம் வரை தொட்டியில் யாரும் குளித்ததில்லை.

தண்ணீர் சுட்டு ஆவி கிளம்பியதும் பெண்களை நான் கீழே கூட்டிப் போனேன். முறையை விளக்கினேன். முதலில் வெளியே இந்தச் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குளிச்சிட்டுக் குளிக்கணுமா?"

"ஆமாம்மா."

"அப்ப எதுக்குடி ரெண்டாவது குளி?"

"எறங்கிப் பாருங்க, தெரியும்."

ஜப்பானில் தொட்டிக்குள் துணியோடு இறங்கக் கூடாது. மேடம் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று கதவோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எங்கள் பெண்கள் பீலிக்குப் போகிற மாதிரி நெஞ்சுக்கு மேல் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வரிசையாக முக்காலிகளில் உட்கார்ந்து, ஒருவர் முதுகை ஒருவர் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. மேடம் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் இறங்கியது அம்மாதான். காலை வைத்து, "ஆத்தாடி!" என்று இழுத்துக்கொண்டு, மறுபடி வைத்து, மெதுவாகக் கழுத்து வரை அமிழ்ந்தார். கண்ணை மூடினார். தலை மெல்லப் பின்னால் சாய்ந்து தொட்டி விளிம்பில் தங்கியது. முழங்கால் வலிக்கு எத்தனையோ தைலம் தேய்த்துப் பார்த்தவர். எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா? சூடு அதிகமா இருக்கா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவ்வளவு காலமா எங்கடி இருந்துச்சு இந்தத் தண்ணி?"

அவ்வளவுதான், தொட்டி நிறைந்துவிட்டது. சிரிப்பும் கூச்சலும் மேல்மாடி வரை கேட்டதாம். வெளியே மண் என்ன செய்கிறதோ என்ற பயம் எல்லாருக்குள்ளும் இருந்ததுதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் யாரும் அதைப் பேசவில்லை. ஒருத்தி நாத்தனாரைப் பற்றிக் கதை சொன்னாள், இன்னொருத்தி பாடினாள். நான் கரையில் உட்கார்ந்து துவாய் கொடுத்துக்கொண்டு, என் வேலை இது, இது என் வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அக்காவின் அலறல் கேட்டது. மேலே ஓடினேன். காகிதக் கதவில் இடுப்பு உயரத்துக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள். ஒரு சின்னப் பிள்ளை விரலால் குத்திப் பார்த்திருக்கிறாள், 'பொக்' என்று சத்தம் வந்திருக்கிறது. பிறகென்ன, இருந்த பிள்ளைகள் அத்தனையும் வரிசையில் நின்று குத்தியிருக்கின்றன. தாய்மார் அடிக்கக் கை ஓங்க, பிள்ளைகள் அழ, அக்கா ஒவ்வொரு ஓட்டையாகத் தடவித் தடவி, "போச்சே, போச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தச்சர் வந்தார். தாய்மார் விலகி வழி விட்டார்கள். அவர் ஒட்டிய காகிதம். குனிந்து ஓட்டைகளைப் பார்த்தார். ஒரு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, நல்லாயிருந்த ஒரு கட்டத்தைத் தேடிப் பிடித்து, தன் சுட்டுவிரலை நீட்டி, 'பொக்'.

முதலில் அந்தச் சின்னப் பிள்ளைதான் கண்ணீரோடு சிரித்தாள்.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவர் ஊரில் இந்தக் கதவைக் குத்தாத பிள்ளையே கிடையாது. அவரும் குத்தியவர்தான், அவர் மகளும் குத்தினாள். வருஷ முடிவில் எப்படியும் காகிதத்தை மாற்றுவார்கள். அதுவரை ஓட்டை மேல் பூ மாதிரிக் காகிதம் வெட்டி ஒட்டிவிடுவார்கள். பெட்டியிலிருந்து மிச்சக் காகிதத்தையும் கத்தரிக்கோல்களையும் கொண்டுவந்து பிள்ளைகளின் நடுவில் வைத்தார். "குத்தினவங்கதான் ஒட்டணும்" என்று நான் சேர்த்துச் சொன்னேன். அது அவர் சொன்னதில்லை.

அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கோதுமை மாவில் பசை காய்ச்சினார்கள். பிள்ளைகள் அவர் வெட்டிக் காட்டிய பூவைப் பார்த்துவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டத் தொடங்கின. மீன், கோழி, பட்டம், கோயில் கோபுரம், கிரிக்கெட் மட்டை, பதுளை பஸ். பஸ்ஸுக்கு ஜன்னலெல்லாம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதம் ஒட்டிய இடத்தில் வெளிச்சம் குறைந்து, கதவை மூடியதும் அந்த உருவங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. கதவோரம் ஒரு ஊரே நடந்து போகிற மாதிரி இருந்தது.

மேடம் மேலே வந்து பார்த்தார். ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு மெதுவாக நடந்தார். பஸ் முன்னால் குந்தினார். "இது எங்க போற பஸ்?" என்று கேட்டார். "பதுளைக்கு" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின.

"ஒருத்தரும் இதை மாத்த வேண்டாம்" என்றார் மேடம். "இப்பிடியே இருக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் மழை விட்டது. லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி மரக்கறித் தோட்டத்தையும் கோழிக்கூடுகளையும் கொண்டுபோயிருந்தது. வீடுகள் தப்பின, ஆட்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் பத்திரமாக இருந்தார்கள். இனிப் பயமில்லை என்று அதிகாரிகள் சொன்ன பிறகு மூட்டைகளோடு திரும்பிப் போனார்கள். போகும்போது கூடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போனார்கள், அக்காவுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

மேடத்தின் தலைக்குள் குறுக்குக்கட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாளே வாசல் திரைக்காக வந்த நீலத் துணியின் மிச்சச் சுருளை எடுத்து மேசையில் விரித்தார். "எங்கட ஆக்கள் இறங்கமாட்டினம் எண்டு பயந்தன். இதுதான் வழி. ஒவ்வொரு விருந்தாளிக்கும் குளிக்க ஒரு நீலத் துணி." நானும் அக்காவும் வெட்டினோம், ஓரத்தில் வெள்ளை நூலால் அந்த ஊர் முறையில் நெல்மணி மாதிரிச் சின்னத் தையல் ஓட்டினோம். தச்சரிடம் காட்டப் பயந்துகொண்டே காட்டினேன். துணியைத் தோளில் போட்டுப் பார்த்து, தன் மனைவிக்கு ஒன்று வேண்டும் என்றார்.

திறப்பு நாளில் லயத்து ஆட்களுக்கும் அழைப்பு. அம்மா பட்டுச்சேலையில் வந்து, செருப்பைத் தட்டில் திருப்பி வைத்து, நேரே மேடத்திடம் போனார். நான் தடுக்கப் போவதற்குள் கேட்டுவிட்டார்.

"மேடம், திங்கக்கெழம ஆளுங்க குறைச்சலாத்தான் இருக்கும்னு இவ சொன்னா. அந்தத் தொட்டி அன்னிக்குச் சும்மாதானே கெடக்கும்?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்கோ. திங்கக்கிழமை உங்கட நாள்." அதற்குப் பிறகு திங்கட்கிழமை சாயந்தரங்களில் கீழ்மாடியில் நாங்கள் சொல்வது ஒருவருக்கும் கேட்காது, அவ்வளவு சத்தம்.

காசு கொடுத்துத் தங்க முதலில் வந்த விருந்தாளிகள் கண்டியிலிருந்து வந்த ஆசிரியைகள். தொட்டி வாசலில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தவர்கள், நீலத் துணியைக் கையில் வாங்கியதும் உள்ளே போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை. வந்தபோது ஒருவர் கதவிலிருந்த பஸ்ஸைக் காட்டி, இது எந்தக் கலைஞர் செய்தது என்று கேட்டார். "எங்க லயத்துப் பிள்ளைங்க" என்றேன். சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது.

தச்சர் கிளம்பும் நாளில் அவரைத் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனோம். மேடம், நான், பசறைக்காரர்கள் இரண்டு பேர். கொழும்பு ரயில் பதுளையிலிருந்து வர வேண்டும். அங்கே தண்டவாளம் ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் போய், மலையைச் சுற்றி ஏறி, மேலே வந்து ஸ்டேஷனைச் சேரும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, அதனால் அவருக்குச் சொல்லவும் தோன்றவில்லை. காலடியில் விசில் கேட்டது. ரயில் கீழே குகைக்குள் நுழைந்து போய்விட்டது. தச்சர் எட்டிப் பார்த்தார், பையைத் தூக்கினார், எங்கள் ஊரில் அவர் கற்றுக்கொண்ட தமிழைக் கத்திக்கொண்டு படியை நோக்கி ஓடினார்.

"போச்சு! போச்சு!"

பசறைக்காரர் ஒருவர் துரத்திப் பிடித்துக் கூட்டி வர, நான் சிரித்துக்கொண்டே விளக்க, அவர் நம்பாமல் தண்டவாளத்தையும் என்னையும் பார்க்க, சற்று நேரத்தில் அதே ரயில் வளைந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அவர் சொல்லி, அவர் ஊர் விடுதியில் ஒரு வருஷம் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அடுத்த ஜப்பானிய மொழிப் பரீட்சை தேறினால். "எழுதிவிட்டுச் சொல்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். சொல்கிறேன் என்று நானும் கத்தினேன். டிசம்பரில் எழுதுகிறேன். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டாவது அர்த்தமும் பார்க்கிறேன்.

ரயில் மறைவதற்குள் என் போன் அடித்தது. அக்கா.

"எங்கடி நிக்கிற? ரெண்டு வான் நெறைய ஆளுங்க வந்து எறங்கியிருக்காங்க. ஒருத்தர் ஜப்பான் பாஷைல என்னமோ கேக்குறாரு, நான் 'தோஸோ தோஸோ'னு சொல்லிக்கிட்டே நிக்கிறேன், சீக்கிரம் வா!"

மேடம் வானை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார். நானும் ஓடினேன்.